பயிற்சிக் காரும் பயில்வோரும்

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் தங்கிப் படிக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் அந்தக் காரைக் கண்டிருப்பர். காலையில் சாத்ர மார்க்கில் தேநீர்க் கோப்பையுடன் நிற்கும்போது அது வரும். சிறிய வெண்ணிறக் கார். அதன்மேல் பள்ளியின் பெயரும் முகவரியும் பெரிய எழுத்தில். முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பாக 'எல்' என்னும் எழுத்து. சாலை நடுவே அது நின்றுவிடும், ஒரு குலுக்குக் குலுங்கும், மீண்டும் நிற்கும். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடிப்பார். நாம் நகைப்போம். பிறகு ஒரு விடுமுறையில் நாமே அதற்குள் சென்று அமர்வோம். அப்பொழுது நகைப்பு அடங்கிவிடும்.

கார் ஓட்டும் முறையைப் பற்றி நமக்கு அறிவுரை கூறுவோர் பலர். ஆனால் ஓட்டக் கற்பிக்கும் அந்தக் காரைப் பற்றி நாம் சிந்திப்பதே இல்லை. வேதியியல் மாணவன் சோதனைச் சாலையில் முதலில் தராசை அறிந்துகொள்கிறான். தராசின் குறை இன்னதென்று தெரிந்தால்தான் எடையின் பிழை இன்னதென்று தெரியும். பயிற்சிக் காரும் அத்தகைய ஒரு கருவியே. அது நமக்கு எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்காமல் மறைத்துவிடுகிறது என்பதை அறியாமல் உரிமம் பெற்று வருபவன், தான் அறியாத ஒன்றை அறிந்ததாக எண்ணிக்கொண்டு சாலைக்கு வருகிறான். நானும் அவ்வாறு வந்தவன்தான். அக்கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் காரின் அமைப்பைக் காண்போம். சாதாரணக் காரில் ஓட்டுநரின் காலடியில் மூன்று மிதிகள் உண்டு: இடப்புறம் கிளட்ச், நடுவில் பிரேக், வலப்புறம் ஆக்ஸிலேட்டர். பயிற்சிக் காரில் இவற்றோடு இன்னும் இரண்டு மிதிகள், இடப்பக்க இருக்கையின் காலடியில், கற்பிப்பவருக்காக அமைந்திருக்கும். அவை கிளட்சும் பிரேக்கும். கற்பிப்பவர் பக்கத்தில் ஆக்ஸிலேட்டர் வைப்பது வழக்கமன்று. அவருக்கு வண்டியை நிறுத்தும் ஆற்றல் உண்டு. ஓடச் செய்யும் ஆற்றல் இல்லை. ஆசிரியத் தொழிலுக்கே இது பொருந்தும் என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்!

இவ்விரு மிதிகளும் தனியே இயங்குவன அல்ல. இரும்புத் தண்டினாலோ உறையிட்ட கம்பியினாலோ அவை நம் மிதிகளோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவர் தம் பிரேக்கை மிதித்தால் நம் பிரேக்கும் தானே கீழே இறங்கும். டாஷ்போர்டின் அடியில் குனிந்து பார்த்தால் அத்தண்டு குறுக்கே செல்வது தெரியும். பயிற்சியின் முதல் நாளில் ஒவ்வொருவரும் இவ்வாறு ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும் என்பேன். ஏனெனில் நம் கட்டுரையின் சிக்கல் முழுவதும் அந்தத் தண்டில்தான் இருக்கிறது.

இந்த இரட்டைக் கட்டுப்பாடு பள்ளி நடத்துவோர் தம் விருப்பப்படி செய்துகொண்டதன்று, சட்டம் கேட்பது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பள்ளிகளுக்கு உரிமம் வேண்டும் என்கிறது. அதன்கீழ் வந்த 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆம் விதி, மோட்டார் சைக்கிள் நீங்கலாகப் பள்ளியின் எல்லா வாகனங்களிலும் கற்பிப்பவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இரட்டை அமைப்பு இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. 'எல்' பலகைக்கும் அளவு உண்டு: பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்திற்குக் குறையாமலும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்திற்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். இவ்வெழுத்து நமக்குப் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1935-இல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானபோது சிவப்பு 'எல்' பலகையும் உடன் வந்தது. ஆனால் கார் ஓட்டக் கற்பிக்கும் பள்ளி அதற்கு முன்பே அங்குத் தோன்றிவிட்டது. 1910-இல் லண்டனில் ஹியூ ஸ்டான்லி ராபர்ட்ஸ் என்பவர் பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் மோட்டாரிங் என்ற பள்ளியைத் தொடங்கினார். தேர்வு வருமுன்பே பயிற்சி வந்த அதிசயம் அது. இன்று தேர்வுக்காக மட்டுமே பயிற்சி என்று ஆகிவிட்டது!

நம் நாட்டில் எந்தக் காரில் கற்றார்கள் என்பதும் அறியத்தக்கது. மாருதி வருமுன் கற்றவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அம்பாசிடரும் ஃபியட்டும்தான். அவ்விரண்டிலும் கியர்க் கோல் தரையில் இராது. ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் அது தரையில் இருந்தது. ஆகவே ஒன்றில் கற்றவர் மற்றொன்றில் ஏறினால் கை தானாகப் பழைய இடத்தைத் தேடும். என் பெரியப்பா அம்பாசிடரில் கற்றவர். இன்றும் சிற்றுந்தில் அமர்ந்தால் அவருடைய இடக்கை முதலில் ஸ்டியரிங்கின் பக்கத்திற்குச் சென்றுவிட்டே கீழிறங்கும். கற்ற வண்டி கற்றவரின் உடம்பை விட்டு எளிதில் நீங்குவதில்லை.

1983 டிசம்பர் 14 அன்று அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அதன்பின் பயிற்சிப் பள்ளிகளின் முகமே மாறிவிட்டது. 796 கன சென்டிமீட்டர் இயந்திரம், மூன்றே சிலிண்டர், நீளம் ஏறக்குறைய 3.3 மீட்டர். இலேசான வண்டி, குறைந்த பெட்ரோல், எந்தச் சந்திலும் உதிரிப் பாகம், எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த வண்டி. அதன் நான்கு மூலைகளும் எங்கே முடிகின்றன என்பது புதியவனுக்கும் விரைவில் புலனாகும். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. அதன் இடத்தை ஆல்ட்டோ, வேகன் ஆர் முதலிய அதன் உறவினர்களே பிடித்துக்கொண்டன. தில்லியில் இவற்றுட் பல இயற்கை எரிவாயுவில் ஓடுவன. பின்புறப் பெட்டியைச் சிலிண்டரே அடைத்துக்கொண்டிருக்கும். பெட்ரோலை நோக்க வாயுவில் இயந்திரத்தின் ஆற்றல் சற்றுக் குறையும். ஆதலின் கிளட்சைச் சிறிது அவசரமாக விட்டாலும் வண்டி அணைந்துவிடும்.

இனிக் கிளட்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயில்வோர் படும் துன்பத்தில் பெரும்பகுதி அதனால் வருவதே. இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம் ஒன்று உண்டு. கியர்ப் பெட்டிக்குள் செல்லும் தண்டில் உராய்வுத் தட்டு ஒன்று உண்டு. வில்விசை கொண்ட மற்றொரு தட்டு இத்தட்டைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அப்பிடி இருக்கும்வரை இயந்திரத்தின் சுழற்சி கியருக்குச் செல்லும். மிதியை அழுத்தினால் பிடி விடும். மிதியை விட்டால் பிடி இறுகும். காலால் பிடிப்பது கருவியில் விடுவது. காலால் விடுவது கருவியில் பிடிப்பது. இந்தத் தலைகீழ் முறையே புதியவனின் அறிவைக் குழப்புகிறது.

தமிழ் மாணவனுக்கு இதில் இரட்டைக் குழப்பம். கற்பிப்பவர் இந்தியில் சொல்வார்: "கிளட்ச் தபாவோ", "கிளட்ச் சோடோ", "தீரே தீரே". தபாவோ என்றால் அழுத்து. சோடோ என்றால் விடு. தீரே என்றால் மெல்ல. தில்லிக்கு வந்த முதலாண்டில் எனக்குத் தெரிந்த இந்தி கடைக்காரரிடம் விலை கேட்கும் அளவே. 'சோடோ' என்று அவர் உரக்கச் சொன்னபோது ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன்! நல்ல வேளையாக வண்டி முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆகவே பின்வருவோர்க்கு ஒரு சொல்: முதல் பாடத்திற்குமுன் இந்த ஏழெட்டு ஏவற் சொற்களைத் தாளில் எழுதி, எந்தச் சொல் எந்த உறுப்பைக் குறிக்கிறது என்று கேட்டுத் தெளிக. 'ஆதா கிளட்ச்' என்பது அவற்றுள் முதன்மையானது. அழுத்தியதற்கும் விட்டதற்கும் இடையே, தட்டுகள் ஒன்றையொன்று உரசத் தொடங்கும் நிலை அது. வண்டி மெல்ல அசைய முனைவதைப் பாதமே உணரும்.

அந்த நிலை எல்லாக் கார்களிலும் ஒரே இடத்தில் இராது. பயிற்சிக் காரின் கிளட்ச் ஒரு நாளில் படும் பாட்டை வீட்டுக் கார் ஒரு மாதத்திலும் படாது. காலைமுதல் மாலைவரை புதிய புதிய கால்கள் அதை அரைகுறையாக மிதித்தவண்ணம் இருக்கும்; உராய்வில் தட்டுத் தேயும். கம்பியால் இழுக்கப்படும் கிளட்சில், தட்டுத் தேயத் தேய, பிடிக்கும் இடம் மிதியின் மேற்பகுதிக்கு ஏறிக்கொண்டே போகும், மெக்கானிக் சரிசெய்யும் வரையில். இத்தகைய வண்டியில் மூன்று வாரம் பழகிய இடக்கால், மிதி ஏறக்குறைய முழுதும் மேலே வந்த பிறகே வண்டி நகரும் என்று கற்றுக்கொள்கிறது. அக்கால் புதிய காரில் ஏறி அதே நம்பிக்கையோடு விரைந்து மேலே வந்தால், பாதி வழியிலேயே கிளட்ச் பிடித்து வண்டி முன்னே பாயும். பாய்வதும் அணைவதும் பயில்பவனின் மூடத்தனம் என்று வீட்டார் நினைப்பர். அது மூடத்தனமன்று, பழைய வண்டியின் பாடம். புதிய காரில் ஏறியதும், மனிதரும் சரிவும் இல்லாத இடத்தில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் அங்குலம் அங்குலமாக விட்டு, பிடிக்கும் இடத்தைப் பத்து முறை கண்டுகொண்டால் இக்குறை ஒரு மணி நேரத்தில் தீரும்.

கிளட்சின் குறை இவ்வாறு வெளிப்படையானது. பிரேக்கின் குறை அத்தகையதன்று, அதுவே அஞ்சத்தக்கது. இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் கற்ற பள்ளியின் பெயர் வேண்டா. 21 நாள் வகுப்பு. கற்பித்தவர் அமைதியான மனிதர், ஒருநாளும் சினந்ததில்லை. முதல் வாரத்தில் தடுமாறினேன். இரண்டாம் வாரத்தில் மால் ரோடில் ஓட்டினேன். மூன்றாம் வாரத்தில் ஐ.எஸ்.பி.டி. வரை சென்று திரும்பினேன். எங்கும் இடர் நேரவில்லை. சிவப்பு விளக்குகளில் வண்டி வழுவழுப்பாக நின்றது. எனக்கு இக்கலை இயல்பாகவே வருகிறது என்று ஊருக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். தேர்விலும் வென்றேன். தேர்வுக்கும் அதே காரையே கொண்டு சென்றேன் என்பதை மறவாமல் குறிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறன்று ராமகிருஷ்ணபுரத்தில் அக்கா வீட்டிற்குச் சென்றிருந்தேன். அத்தான் தம் காரின் சாவியைக் கொடுத்து, "ஓட்டு பார்ப்போம்" என்று பக்கத்தில் அமர்ந்தார். உள்சாலைகளில் நன்றாகவே ஓட்டினேன். பெருஞ்சாலையில் சற்றுத் தொலைவில் விளக்குச் சிவந்தது. அங்கே ஸ்கூட்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. முன்னே தந்தை, பின்னே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடுத்துவிட்டு... காத்திருந்தேன். எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. வண்டி வேகம் குறையாமல் சென்றது. "பிரேக்!" என்று அத்தான் கத்திய பிறகே என் கால் பிரேக்குக்குச் சென்றது. முழு வலிமையோடு மிதித்தேன். டயர்கள் கிறீச்சிட்டன. ஸ்கூட்டரின் பின்சக்கரத்திற்கும் எங்கள் பம்பருக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருந்திருக்கும். அக்குழந்தை திரும்பிப் பார்த்தது.

வீட்டிற்குத் திரும்பும்வரை அத்தானே ஓட்டினார். இறங்கும்போது ஒன்றே கேட்டார்: "யாருடைய காலுக்குக் காத்திருந்தாய்?"

அன்றிரவுதான் எனக்கு விளங்கிற்று. மூன்று வாரமும் சிவப்பு விளக்கைக் கண்டதும் முதலில் பிரேக்கை மிதித்தது என் கால் அன்று. நான் ஆக்ஸிலேட்டரை விட்டதும் அவருடைய மிதி சற்றே இறங்கும். தண்டின் வழியாக என் மிதியும் இறங்கும். பாதி இறங்கிய மிதியின்மேல் நான் காலை வைப்பேன், வண்டி நிற்கும், நான் நிறுத்தியதாக எண்ணிக்கொள்வேன். எவ்வளவு தொலைவில் பிரேக் தொடங்க வேண்டும் என்ற கணக்கை நான் ஒருநாளும் போட்டதில்லை. அதை எனக்காக வேறொருவர் போட்டுக்கொண்டிருந்தார்.

கணக்கு எளியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடியில் 11 மீட்டர் செல்கிறது. கால் அரை வினாடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர். அஃதாவது ஒரு மாருதி 800-இன் நீளத்தையும் கடந்து இன்னும் பாதிக்கு மேல். பிரேக் எவ்வளவு சிறந்ததாயினும் அந்த ஐந்தரை மீட்டரை அது திருப்பித் தராது.

கற்பிப்பவர்மேல் குறை கூறுவது நியாயமன்று. நெரிசல் மிக்க இத்தில்லியில், ஒவ்வொரு நாளும் முன்பின் அறியாத பத்துப் பேரின் கையில் தம் உயிரை ஒப்படைத்து அமர்பவர் அவர். முட்டினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கால் தானாக மிதிமேல் செல்வது இயல்பு. கையும் அவ்வாறே, அவர் நமக்கு இடப்பக்கம் அமர்வதால் அவருடைய வலக்கை எளிதாக ஸ்டியரிங்கை எட்டும். வளைவில் நாம் திருப்பியதாக எண்ணுவதில் பாதி அவர் திருப்பியதாக இருக்கலாம். கண்ணாடியிலும் இதே கதை. பின்னால் வரும் பேருந்தை அவர் பார்த்துச் சொல்கிறார். நாம் கேட்டுத் திரும்புகிறோம். நம் கண் கண்ணாடிக்குப் போகவே இல்லை. காலமும் குறைவு. விதிப்படி இத்தகைய வண்டிக்கு 21 நாளில் 10 மணி நேரமாவது ஓட்டுதல் வேண்டும். நாளொன்றுக்கு அரை மணிக்கும் குறைவாகவே வரும். அதற்குள் பிழை செய்ய விட்டுத் திருத்துவதைக் காட்டிலும் பிழையே நேராமல் தடுப்பது அவருக்கு எளிது.

ஆகவே கேட்க வேண்டியவர் நாமே. இரண்டாம் வாரத்தின் தொடக்கத்தில், வண்டி புறப்படுமுன்பே பணிவோடு சொல்லலாம்: "இன்று இடர் என்று தோன்றினாலன்றிக் கால் வைக்க வேண்டாம்; வைத்தால் வாயாலும் சொல்லுங்கள்." பிரேக் மிதி நம் கால் படுமுன் தானே இறங்கினால் பாதம் வைக்கும்போதே தெரியும், மிதி இருக்க வேண்டிய உயரத்தில் இராது. ஒரு பாடத்தில் அவ்வாறு எத்தனை முறை நேர்ந்தது என்று குறித்து வைத்துக்கொள்க. அந்த எண் குறையாதவரையில் வகுப்பு முடிந்தாலும் பயிற்சி முடியவில்லை.

தேர்வு இக்குறையைக் கண்டுபிடிக்காதா என்று கேட்பீர்கள். விதியில் திடீரென நிறுத்துதலும் உண்டு. பின்னோக்கிச் செலுத்துதலும் உண்டு. தில்லியில் இன்று உணர்கருவிகளும் ஒளிப்படக் கருவிகளும் அமைந்த தடங்களில் தேர்வு நடைபெறுகிறது. எட்டு வடிவத் தடமும் மேடும் அங்கே உண்டு. ஆனால் அத்தடத்தில் குழந்தையை ஏற்றிய ஸ்கூட்டர் நிற்பதில்லை. 2021-இல் மைய அரசு வகுத்த புதிய விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் இத்தகைய வண்டிக்கு 29 மணி நேரப் பாடம். அதில் 21 மணி செய்முறை. பாவனைக் கருவியிலும் பயிற்சி உண்டு. அங்கே தேறியவர்க்குத் தனித் தேர்வு தேவையில்லை. நேரம் மிகுந்தது நன்று. பாவனைக் கருவியில் கால் தாமதித்தால் திரையில் மட்டுமே மோதும், அதுவும் நன்றே. ஆயினும் அத்திரையில் மோதியவனுக்கு உள்ளங்கை வியர்ப்பதில்லை.

தானியங்கிக் கியர் உள்ள காரில் கிளட்சே இல்லையே, அதில் கற்றால் இத்தொல்லைகள் ஒழியுமே என்பார் உளர். கிளட்சின் தொல்லை ஒழியும். பிரேக்கின் தொல்லை அப்படியே இருக்கும். மேலும் பிரிட்டனில் தானியங்கிக் காரில் தேறியவருக்கு அவ்வகைக்கு மட்டுமே உரிமம். நம் நாட்டு உரிமத்தில் அத்தகைய பிரிவு இல்லை. தானியங்கியில் கற்றவரும் நாளை நண்பரின் சாதாரணக் காரில் ஏறிவிடலாம். சட்டம் தடுக்காது, மேடுதான் தடுக்கும்.

அத்தானின் கேள்விக்குப் பிறகு நான் மீண்டும் அதே பள்ளிக்குச் சென்று, மணிக்கணக்கில் பணம் கட்டி நான்கு பாடங்கள் கேட்டேன். உரிமம் பெற்றவன் ஏன் வருகிறான் என்று அலுவலகத்தில் இருந்தவர் வியந்தார். கற்பித்தவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தம் கால்களைப் பின்னே இழுத்து, மிதிக்கு அரை அடி பின்னால் தரையில் ஊன்றிக்கொண்டார். "தேவையானால் வரும்" என்றார். முதல் நாள் ஐந்து முறை வந்தது. நான்காம் நாள் வளாகத்திலிருந்து ரிட்ஜை நோக்கி ஏறும் சாலையில் வண்டியை நிறுத்தி, மேட்டிலிருந்து புறப்படச் சொன்னார். இருமுறை அணைந்தது, ஒருமுறை பின்னோக்கி உருண்டு நானே நிறுத்தினேன். அவருடைய கால் அசையவில்லை. வண்டி மேட்டைக் கடந்து இறக்கத்தில் சென்றபோது கீழே ஒரு மாட்டு வண்டி குறுக்கிட்டது. அதற்கும் என் காலே முந்தியது. அன்று விடுதிக்கு வந்து குறிப்பேட்டில் எழுதிய எண் ஒன்று. அந்த ஒன்று மால் ரோடு விளக்கில் நேர்ந்தது.